நீலமாக நின்ற கன்ன எலும்பு

2003 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை சவரிமுத்து தன் மனைவி ஜெசிந்தாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனான். அவளுக்கு மூன்று மாதமாகத் தலைவலி. கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார், பல் டாக்டர் பல்லில் ஒன்றுமில்லை என்றார். கடைசியில் ஒருவர் தலையை ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். புனேயில் டெக்கான் பகுதியில் இருந்த அந்த ஸ்கேன் சென்டரில் இருபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். வெளியே மழை. எல்லோருடைய செருப்பு ஈரமும் தரையில் இருந்தது.

எதிர் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சேலை, தோளில் துணிப்பை, மடியில் கம்பளியில் சுற்றிய ஒரு மூட்டை. யாராவது இடித்துக்கொண்டு போனால் மூட்டையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"கைக்குழந்தை போல. இந்த ஈரத்துல தூக்கிட்டு வந்திருக்காங்க, பாவம்" என்று ஜெசிந்தா கணவனிடம் சொன்னாள்.

அது அந்தப் பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. "குழந்தை இல்லைம்மா. மண்டை ஓடு" என்றாள் தமிழில்.

அப்படித்தான் பழக்கமானது. அவள் பெயர் ரமா. அப்பா கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். ரமா பிறந்தது, படித்தது எல்லாம் புனேதான். பேச்சில் எப்போதாவது ஒரு மராத்திச் சொல் வந்துவிடும். புனேயிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புதைபடிவங்களை, அதாவது கல்லாகிப்போன பழைய எலும்புகளை, ஆராய்பவள். மடியில் இருந்தது இமயமலை அடிவாரத்து ஆற்றங்கரையில் அவளே தோண்டி எடுத்த ஒரு மிருகத்தின் தலை. பன்றி இனத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு கோடி வருடத்துக்கு முன்னால் நடமாடியது.

அதை ஸ்கேன் எடுக்க முன்மேசையில் இருந்தவருக்கு நோயாளியின் பெயரும் வயதும் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் படிவத்தில் வயதுக்கு இரண்டு இலக்கம்தான் இடம். ரமா நீண்ட நேரம் விளக்கினாள். அவர் கடைசியில் தொண்ணூற்றொன்பது என்று போட்டுக்கொண்டார்.

சவரிமுத்து என்ன வேலை பார்க்கிறான் என்று ரமா கேட்டாள். அவன் கசார்வாடி பக்கம் லாரி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருந்தான். ஒரு பாகத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வது, ஒரு இடத்தில் பாரம் ஏற்றினால் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு இழுக்கிறது, தள்ளுகிறது என்று கணக்குப் போடுவது, எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொல்வது. பன்னிரண்டு வருடமாக இதுதான் வேலை. பாரம் அதிகமாகத் தாங்கும் இடம் திரையில் சிவப்பாக வரும். சும்மா இருக்கும் இடம் நீலமாக வரும். நடுவில் உள்ளது பச்சை, மஞ்சள்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் ரமா துணிப்பையில் இருந்து நோட்டும் பேனாவும் எடுத்துவிட்டாள். வெளிநாட்டில் இதே முறையில் எலும்புகளைக் கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறார்கள், இங்கே சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை, நிலையத்தில் அந்த மென்பொருளும் இல்லை, இரண்டு வருடமாகத் தேடுகிறேன் என்றாள். இந்த மிருகம் எப்படிக் கடித்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். செய்து தர முடியுமா?

சவரிமுத்து யோசிக்கவில்லை. லாரி பாகம் ஒரு வடிவம், மண்டை ஓடு ஒரு வடிவம், அவ்வளவுதானே என்று தோன்றியது. சரி மேடம் என்று சொல்லிவிட்டான்.

ஜெசிந்தாவின் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஒன்றுமில்லை என்றால் ஏன் வலிக்கிறது என்று அவள் கேட்டதற்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மேலாளரிடம் சவரிமுத்து அனுமதி கேட்டபோது, சனிக்கிழமை மத்தியானங்களில் மென்பொருள் சும்மாதான் கிடக்கிறது, செய்துகொள் என்றார். ரமா கொடுத்த குறுந்தகட்டில் இருநூற்று நாற்பது ஸ்கேன் படங்கள் இருந்தன. ரொட்டியைத் துண்டு போட்டதுபோல மண்டை ஓட்டின் இருநூற்று நாற்பது வெட்டுகள். ஒவ்வொன்றிலும் எலும்பின் ஓரத்தை மவுஸால் வரைந்து, எல்லாவற்றையும் அடுக்கி, ஒரே உருவமாக ஒட்ட வேண்டும். செப்டம்பர் முழுவதும் அதற்கே போனது. பல இடங்களில் எலும்பு எது, எலும்புக்குள் புகுந்த கல் எது என்று தெரியவில்லை. ரமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விரலால் காட்டினாள். சில இடங்களில் அவளுக்கும் தெரியவில்லை.

அந்த மிருகத்தின் கன்னத்தில் இரண்டு பக்கமும் எலும்பு ஒரு தட்டாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, சைக்கிள் மட்கார்டு மாதிரி. ரமா 1994இல் எழுதிய ஆய்வேடே அந்தத் தட்டைப் பற்றியதுதான். சாதாரணப் பன்றிக்கு இல்லாத ஒரு கூடுதல் தசை அந்தத் தட்டில் ஒட்டியிருந்தது, அதனால் இது எலும்பையும் கடினமான கிழங்கையும் உடைத்துத் தின்றது என்று அதில் எழுதியிருந்தாள். அதற்குத்தான் அவளுக்குப் பெயர் கிடைத்தது. அதே ஆற்றங்கரையில் கிடைத்த இன்னொரு மண்டை ஓட்டில் இந்தத் தட்டு இல்லை. அதை வேறு மிருகம் என்று பிரித்து அதற்கும் அவளே பெயர் வைத்திருந்தாள்.

உருவம் தயாரானதும் சவரிமுத்து வழக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விகளைக் கேட்டான். எவ்வளவு பாரம்? எந்த இடத்தில் பிடித்திருக்கிறது? என்ன பொருள், எவ்வளவு உறுதி?

"பாரம் எவ்வளவுன்னுதானே நான் உங்களைக் கேக்கறேன்?" என்றாள் ரமா.

"நீங்க பாரத்தைச் சொன்னா உடையுமான்னு நான் சொல்லுவேன். எதுல உடையும்னு நீங்க சொன்னா பாரத்தை நான் சொல்லுவேன். ரெண்டும் தெரியாதுன்னா எப்படி மேடம்?"

தசை இல்லை, அழுகிப்போய் ஒரு கோடி வருடமாகிறது. எலும்பு இப்போது எலும்பே இல்லை, கல். கடித்த பொருள் என்னவென்று தெரியாது. லாரி பாகத்தை வரைந்தவன் அடுத்த அறையில் இருப்பான், எதற்கு வைத்தாய் என்று போய்க் கேட்கலாம். இதற்கு யாரைக் கேட்பது? சவரிமுத்துவுக்கு அன்றைக்குத்தான் தான் ஒத்துக்கொண்டது என்னவென்று புரிய ஆரம்பித்தது. அதுவும் முழுதாகப் புரியவில்லை.

ரமாதான் வழி சொன்னாள். உயிரோடு இருக்கும் சொந்தக்காரனிடம் கடன் வாங்குவோம் என்றாள். கேம்ப் மார்க்கெட்டில் பன்றிக்கறிக் கடை இருந்தது. சவரிமுத்து முழுத்தலை இரண்டு வாங்கினான். நிலையத்துப் பின்கட்டில் மேஜையில் பிளாஸ்டிக் தாளை விரித்து ஒன்றைக் கிடத்தினார்கள். தூத்துக்குடியில் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் பன்றிக்கறி தின்று வளர்ந்தவன் அவன். ஆனால் கன்னத்தோலை உரித்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். முட்டைகூடத் தொடாத வீட்டில் பிறந்த ரமா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு தசையாகப் பிரித்து, நீளம் அளந்து, தராசில் வைத்து, எடையை அவனிடம் சொல்லிக்கொண்டே போனாள். அவன் திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டான். தசை எவ்வளவு தடிமனோ அந்த அளவுக்குத்தான் அது இழுக்கும். அந்தக் கணக்கை மிருகத்தின் தலை அளவுக்கு மாற்றிக்கொண்டார்கள். எலும்பின் உறுதிக்கு மாட்டெலும்பின் எண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை முதல்முறையாகக் கணக்கு ஓடியது. ரமா எழுதியிருந்தபடியே தட்டில் அந்தக் கூடுதல் தசையைப் பொருத்தி, கடைவாய்ப் பல்லில் ஒரு எலும்பைக் கடிப்பதாக வைத்தான். நாற்பது நிமிஷம் கழித்துப் படம் வந்தது. தட்டு மண்டையோடு சேரும் இடம் முழுக்க ரத்தச் சிவப்பு. அவள் சொன்ன கடியில் பாதி கடித்தாலே தட்டு பிய்ந்து கையோடு வந்துவிடும்.

ரமாவிடம் அதைக் காட்டாமல் அணைத்துவிட்டான். தன் தப்புதான் என்று நினைத்தான். இரண்டு வாரம் தேடினான். மில்லிமீட்டரும் மீட்டரும் கலந்துவிட்டதா என்று பார்த்தான். தசையின் திசையைப் பார்த்தான். துண்டுகளை இன்னும் பொடியாக்கிப் பார்த்தான். ஒரு பிழை அகப்பட்டது, தாடை மூட்டைத் தேவைக்கு அதிகமாக இறுக்கிப் பிடித்திருந்தான். அதைத் திருத்தியபின் சிவப்பு இன்னும் கூடியது. வீட்டிலும் அதே நினைப்பு. ஜெசிந்தா குழம்பு ஊற்றிவிட்டுச் சாப்பாட்டைப் பிசையாமல் எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

"ஒரு பன்னி எப்படி மென்னுச்சுன்னு தெரியல" என்றான்.

"பன்னி மாதிரிதான் மென்னுருக்கும். நீங்க சாப்பிடுங்க" என்றாள் அவள்.

கடைசியில் குளிர்பெட்டியில் கிடந்த இரண்டாவது பன்றித்தலையை வைத்துத் தன் முறையையே சோதித்துப் பார்க்க முடிவு செய்தான். அதையும் ஸ்கேன் எடுத்து, அதே வழியில் கணக்குப் போட்டான். பிறகு கம்பெனிச் சோதனைக்கூடத்தில் அந்தத் தலையின் எலும்பில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டினான். எலும்பு தலைமுடி அளவு இழுபட்டாலும் காட்டிக்கொடுக்கும் சின்னப் பட்டை அது. தசை இருந்த இடங்களில் கம்பி கட்டி இழுத்து, பல்லுக்கு நடுவில் இரும்புத் தடி வைத்துக் கடிக்கவைத்தான். கணக்கும் கேஜும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. அவன் முறையில் தப்பில்லை.

அப்படியானால் ரமா சொன்ன கூடுதல் தசை இல்லை என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு, சாதாரணப் பன்றிக்கு இருப்பதுபோல் மட்டும் தசை வைத்து ஓட்டிப் பார்த்தான். மண்டை முழுவதும் ஒழுங்காகப் பாரம் தாங்கியது. கன்னத் தட்டு மட்டும் நீலம். சுத்தமான நீலம். எந்தப் பல்லால் கடித்தாலும், எந்தப் பக்கம் மென்றாலும், அதற்கு ஒரு வேலையும் இல்லை.

இரண்டு படங்களையும் அச்செடுத்து டிசம்பரில் ரமாவிடம் கொடுத்தான். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். தட்டின் அடியில் ஒரு விரிசல் இருக்கிறதே, அதற்குள் கல் நிரம்பியிருக்கிறது, அங்கே எலும்பு நாம் வரைந்ததைவிடத் தடிமனாக இருந்திருக்கலாமே? தசை இன்னும் கொஞ்சம் முன்னால் இருந்திருந்தால்? மாட்டெலும்பைவிட இதன் எலும்பு உறுதியாக இருந்திருந்தால்? எல்லாமே நியாயமான கேள்விகள். அவன் ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டினான். ஜனவரி முதல் சனிக்கிழமை மூன்றையும் சேர்த்து மாற்றியபோது சிவப்பு போய்விட்டது. தட்டு அழகான பச்சையில் வந்தது. கூடுதல் தசையைச் சுமந்துகொண்டு, உடையாமல், அளவான பாரத்தோடு.

"இதுதான்" என்றாள் ரமா. "இந்தப் படத்தைக் கொடுங்கோ. ஜூலைல கருத்தரங்கம் இருக்கு. இதைக் காட்டறேன்."

சவரிமுத்து மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"மேடம், இதை நான் கண்டுபிடிக்கல. நான் செஞ்சது. தடிமனைக் கூட்டி, தசையைத் தள்ளி, உறுதியை ஏத்தி, பச்சை வர்ற வரைக்கும் திருப்பினேன். இன்னும் கொஞ்சம் திருப்பினா இது பறந்துச்சுன்னுகூட என்னால காட்ட முடியும். எனக்கு அதுதான் பயமா இருக்கு."

"தடிமன் தப்புன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்போ சரியா இருக்கலாம் இல்லையோ?"

"இருக்கலாம். தெரியல."

"தெரியாத விஷயத்துல என் பக்கம் ஏன் சாயக் கூடாது? பத்து வருஷம் இதுல இருக்கேன் நான்."

அவள் கேட்பது தப்பு என்று அவனால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை, செய்து கொடுக்கவும் மனம் வரவில்லை. ஆறு படங்களையும் ஒன்றாக ஒரு உறையில் போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் எதை எதை மாற்றினேன் என்று எழுதி அவளிடம் கொடுத்தான். அவள் நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதற்கடுத்த மூன்று சனிக்கிழமை வரவில்லை. போனும் இல்லை. அவளுக்கு உதவினோமா, கெடுத்தோமா என்று அவனுக்கு விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் ஒரு விஷயம் நடந்தது. போன வருடம் அவன் ஒரு பிராக்கெட்டின் எடையைக் குறைத்திருந்தான். லாரியின் பேட்டரிப் பெட்டியைத் தாங்கும் வார்ப்பிரும்புப் பாகம் அது. அதன் பக்கவாட்டில் ஒரு விலா மாதிரி மேடு ஓடியது. எந்தப் பாரத்தில் கணக்குப் போட்டாலும் அந்த மேடு நீலமாகவே வந்தது. வீண் இரும்பு என்று எழுதி, வெட்டச் சொன்னான். மேலாளர் பாராட்டினார். புது அச்சு செய்து, ஜனவரியில்தான் புதிய பிராக்கெட்டுகள் வர ஆரம்பித்தன. மாதக் கடைசியில் லாரி பூட்டும் தொழிற்சாலையிலிருந்து புகார் வந்தது. பிராக்கெட் கைநழுவி விழுகிறதாம். ஒருவருக்குக் கால்விரல் நசுங்கிவிட்டதாம்.

சவரிமுத்து நேரில் போனான். பூட்டும் வரிசையில் இருந்த ஒரு மராத்தியத் தொழிலாளி பழைய பிராக்கெட் ஒன்றையும் புதியது ஒன்றையும் எடுத்துக் காட்டினார். பாகங்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். பழையதில் அந்த மேட்டில் நாலு விரலை மாட்டி, சுலபமாகத் தூக்கி, தலைக்குமேல் வைத்துப் பூட்டிவிடலாம். புதியதில் விரல் மாட்ட இடமில்லை. இதை இப்போது எதைப் பிடித்துத் தூக்குவது என்று இந்தியில் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

சவரிமுத்து பழைய பிராக்கெட்டை வாங்கி, மேட்டில் விரல்களை மாட்டிப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தியது. அதை வரைந்தவன் இதற்காகத்தான் வைத்தானா என்றால் அதுவும் இல்லை. வந்தபின் வரைபட அறையில் விசாரித்தான். பதினைந்து வருடம் முன்னால் இருந்த வேறொரு மாடலில் அங்கே ஒரு குழாய் ஓடியது, குழாயைத் தாங்க வைத்த மேடு அது என்றார்கள். குழாய் போய்விட்டது. மேடு தங்கிவிட்டது. கைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அவன் கணக்கில் லாரி ஓடும் பாரம் இருந்தது, குலுங்கும் பாரம் இருந்தது, ஒரு மனிதன் விரலால் தூக்கும் பாரம் இல்லை. யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரமாவின் நிலையத்துக்குப் போனான். அவள் அறையில் அவனுடைய ஆறு படங்களும் சுவரில் ஒட்டியிருந்தன. பச்சைப் படமும் இருந்தது, நடுவில் இல்லை, ஓரமாக. அவன் பிராக்கெட் கதையைச் சொன்னான். நீலமாக இருப்பதெல்லாம் சும்மா இருப்பது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன், நாம் கேட்காத கேள்விக்கு அது பதிலாக இருக்கலாம், இல்லை, எதற்குமே பதிலாக இல்லாமல் பழைய குழாய் மாதிரி மிச்சமாகவும் இருக்கலாம், இரண்டில் எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றான்.

ரமா எழுந்து அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். அவள் வேறு மிருகம் என்று பெயர் வைத்த அந்த இரண்டாவது மண்டை ஓட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். கன்னத்தில் தட்டு இல்லை. மற்றபடி பல் வரிசை, மூக்கு, கண்குழி எல்லாம் ஒரே அச்சு.

"மூணு வாரமா இதைத்தான் பாத்துண்டிருக்கேன்" என்றாள். "தட்டு கடிக்கறதுக்குன்னா, தட்டு இல்லாதது வேற மிருகம். வேற ஏதோ தின்னுருக்கணும். தட்டு கடிக்கறதுக்கு இல்லைன்னா..." தட்டு இல்லாத கன்னத்தைத் தொட்டாள். "இது அதோட பொண்டாட்டியா இருக்கலாம்."

ஆண் மயிலின் தோகை மாதிரி, மானின் கொம்பு மாதிரி. ஆணுக்கு மட்டும் தட்டு, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவோ, பெண்ணுக்கு முன்னால் பெரிதாகக் காட்டிக்கொள்ளவோ. அப்படியானால் இரண்டும் ஒரே வகையைத்தான் தின்றிருக்க வேண்டும். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

போட்டுப் பார்த்தார்கள். இரண்டாவது மண்டையை ஸ்கேன் எடுத்து, வரைந்து, ஓட்டி முடிக்க மே மாதம் ஆகிவிட்டது. இரண்டின் கடியும் ஏறக்குறைய ஒன்று. பாரம் தாங்கும் விதமும் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தட்டு ஒன்றைத் தவிர எது எதன் படம் என்று சவரிமுத்துவாலேயே சொல்ல முடியவில்லை. தட்டைப் பக்கவாட்டில் மோதினால் தாங்குமா என்றும் ஓட்டிப் பார்த்தான். ஓரளவு தாங்கியது. ரொம்ப நன்றாகத் தாங்கியது என்று சொல்ல முடியாது.

ரமா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"என் ஆய்வேட்டுல ரெண்டு விஷயம் இருந்தது. ஒண்ணு தட்டு. இன்னொண்ணு நான் பேர் வெச்ச இந்த ரெண்டாவது மிருகம். ரெண்டும் போச்சுன்னா நான் என்னதான் பண்ணினேன் அப்போ?"

"போச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க? ரெண்டே ரெண்டு மண்டைதானே இருக்கு" என்றான் அவன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஜூலையில் கருத்தரங்கம் நடந்தது. சவரிமுத்து லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். ரமா ஆறு படங்களையும் காட்டினாள், பச்சை உட்பட. பச்சை எப்படி வந்தது என்பதையும் சொன்னாள். தடிமனைக் கூட்டினோம், தசையைத் தள்ளினோம், உறுதியை ஏற்றினோம், இது நான் ஆசைப்பட்ட விடை என்றாள். பிறகு இரண்டாவது மண்டையைக் காட்டி, பத்து வருடம் முன்னால் நான் எழுதியது இரண்டுமே தவறாக இருக்கலாம் என்றாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியர் எழுந்து, அப்படியானால் முடிவுதான் என்ன என்று கேட்டார். கடிப்பதற்கு அந்தத் தட்டு உதவவில்லை என்று மட்டும் கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்லலாம், எதற்கு உதவியது என்று தெரியாது என்றாள் ரமா. அவர் திருப்தியில்லாமல் உட்கார்ந்தார். தேநீர் இடைவேளையில் இரண்டு பேர் அவள் தைரியத்தைப் பாராட்டினார்கள். ஒருவர், கம்ப்யூட்டர்காரர்களை நம்பினால் இப்படித்தான் என்று சவரிமுத்துவின் முன்னாலேயே சொன்னார், அவன் யாரென்று தெரியாமல்.

ரமா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே அவனிடம், எப்படிப் பேசினேன் என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றான். நிஜமாகவா என்றாள். எனக்குப் பயமாக இருந்தது என்றான். தனக்கும்தான் என்றாள் அவள்.

2005இல் இரண்டு பேர் பெயரிலும் ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. தலைப்பு ஒரு கேள்விக்குறியோடு முடிந்தது. சவரிமுத்து ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஜெசிந்தா கணவன் பெயர் இருந்த இடத்தை மட்டும் படித்துவிட்டு, படங்களைப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தலைவலி எப்போது நின்றது என்று அவளுக்கே ஞாபகமில்லை, எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியவுமில்லை. இந்தக் கலர் எல்லாம் எதற்கு என்று கேட்டாள். அவன் விளக்கினான். அப்போ அது என்னதான் தின்றது என்றாள். பன்றி தின்பதைத்தான் தின்றிருக்கும் என்றான். அதை நான் அன்றைக்கே சொன்னேனே என்றாள் அவள்.

ஆய்வுப் பட்டியல்களில் அந்த இரண்டாவது பெயர் அழிக்கப்படவில்லை. அதன் பக்கத்தில் ஐயம் என்று ஒரு குறி மட்டும் சேர்ந்தது. ரமாவுக்கு அது பழகிப்போனது. இழுப்பறையில் இருந்ததை எடுத்து முதல் மண்டை ஓட்டுக்குப் பக்கத்திலேயே அலமாரியில் வைத்தாள்.

2006 டிசம்பரில் அவளிடமிருந்து போன் வந்தது. வடக்கே போன குழு மூன்றாவதாக ஒரு மண்டை ஓட்டைக் கொண்டுவந்திருக்கிறது, உடனே வர முடியுமா என்றாள். அவன் அன்று மத்தியானமே போனான். மேஜைமேல் மணல் பெட்டியில் அது இருந்தது, மற்ற இரண்டில் பாதிகூட இல்லை. ரமா பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்துப் பல்லைப் பார்க்கச் சொன்னாள்.

"பால் பல்" என்றாள். "குட்டி இது. இன்னும் பல்லே விழல."

பிறகு அவன் அதன் கன்னத்தைப் பார்த்தான். இரண்டு பக்கமும் தட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னத் தலைக்கு ரொம்பப் பெரிய தட்டு.

மானுக்குக் கொம்பு வளர்வதும் மயிலுக்குத் தோகை வளர்வதும் பருவம் வந்தபின்தான் என்று ரமா அவனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். பால் பல் விழாத குட்டி யாரோடு முட்டப்போகிறது, யாருக்குக் காட்டப்போகிறது? அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தில் வருத்தம் இருக்கிறதா, சிரிப்பு இருக்கிறதா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இப்ப என்ன மேடம் இது?" என்றான்.

"எனக்கு ஒண்ணும் புரியல. காலைலேர்ந்து பாக்கறேன், ஒண்ணுமே புரியல."

அவள் அளவு நாடாவை எடுத்து ஒரு முனையை அவனிடம் கொடுத்தாள். அவன் அதைக் கன்னத் தட்டின் ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் மறுமுனையை இழுத்து, நெருக்கமாகக் குனிந்து, மில்லிமீட்டரைப் படித்தாள். சரியாகப் படித்தோமா என்று சந்தேகமாக இருந்தது போலும், மறுபடியும் ஒருமுறை அளந்தாள்.